நூலக்காவின் தும்மல் காலம்

செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில் ஒரே ஒரு அறை. இரண்டு நாற்காலி, சுவரை அடைத்த ஒரு கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி, மூன்று பேர் நெருக்கி உட்காரக்கூடிய ஒரு சோபா. நான்காவதாக யாராவது வந்தால் படிக்கட்டில்தான் உட்கார வேண்டும். அந்த பியூட்டி பார்லரைப் பதினெட்டு வருஷமாக நடத்தி வருகிறவளுக்கு அந்த வட்டாரமே வைத்த பெயர் நூலக்கா.

பெயருக்குக் காரணம் அவளுடைய புருவ வேலை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு கையிலும் முறுக்கிப் பிடித்தாள் என்றால் ‘சர்ர்க் சர்ர்க்’ என்று நாலு நிமிஷத்தில் இரண்டு புருவமும் தயார். வாயில் நூல் இருக்கும்போதே அவள் பேசவும் பேசுவாள். “ம்ம்-ம்” என்றால் கண்ணை மூடு. “ம்ம்ம்?” என்றால் வலிக்கிறதா. “ம்ஹும்!” என்றால் அசையாதே. பழகிய வாடிக்கையாளர்கள் அந்த பாஷையில் குடும்பக் கதையே பேசிவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு தொந்தரவு. வருஷத்தில் இரண்டு மாதம் தும்மல்.

தெருவோரம் வரிசையாக மரம் வைத்திருந்தார்கள். வைத்த புதிதில் அவை ஆள் உயரம்கூட இல்லை. ஏழெட்டு வருஷத்தில் வளர்ந்து வளர்ந்து, இப்போது அவற்றின் உச்சி சரியாகப் பார்லர் ஜன்னலுக்கு நேராக நின்றது. பூக்கும் பருவத்தில் ஜன்னல் விளிம்பெல்லாம் மஞ்சள் பொடியாக இருக்கும். காற்றோட்டம் வேண்டும் என்று நூலக்கா ஜன்னலை மூடவே மாட்டாள். முதலில் கண் அரிக்கும், பிறகு மேல்வாய் அரிக்கும், பிறகு மூக்குக்குள் ஓர் எறும்பு நடைபழகும். அப்புறம் தொடங்கும் பாருங்கள், ஒன்றிரண்டோடு நிற்காது. அவளுடைய கணவர் எண்ணி வைத்த கணக்குப்படி குறைந்தது ஏழு.

“எட்டாவது எங்கம்மா? பாக்கி வெச்சிட்டியா?” என்பார் அவர். லிஃப்ட் மெக்கானிக். வாழ்க்கையில் ஏற்றம் இறக்கம் எல்லாம் பார்த்தவன் என்று தன்னைப் பற்றி அடிக்கடி சொல்லிக்கொள்கிறவர்.

மற்ற வருஷங்களில் எப்படியோ ஓட்டிவிட்டாள். எறும்பு நடக்க ஆரம்பித்ததும் நூலைத் துப்பிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். இந்த முறை மரங்கள் சொல்லி வைத்தாற்போல ஒரே வாரத்தில் பூத்தன. எறும்பு முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது. அதுவும் யார் நாற்காலியில் இருக்கும்போது வந்தது என்பதுதான் விஷயம்.

நாற்காலியில் இருந்தவர் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் அம்மா. அந்த அம்மா நாற்சந்தியில் நின்று ஒரு புருவத்தைத் தூக்கினால் போதும், லாரி டிரைவர் தானாக ஓரங்கட்டி லைசென்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட புருவத்தின் வலப்பக்க ஓரத்தில் இரண்டே முடி எடுக்க வேண்டியிருந்தது. நூலைப் போட்டாள். தும்மல் வந்தது. தலை ஒரு பக்கம் வெட்டியது, நூல் இன்னொரு பக்கம் வெட்டியது. ‘சர்ர்ர்க்’ என்ற சத்தம் வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது.

“என்னம்மா சத்தம் அது?” என்றார் இன்ஸ்பெக்டர், கண்ணைத் திறக்காமலே.

நூலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிச்சமிருந்த ஆறு தும்மலையும் தும்மி முடித்துவிட்டுத்தான் அவளால் பேச முடிந்தது.

“மேடம்… சின்னதா ஒரு…”

இன்ஸ்பெக்டர் எழுந்து கண்ணாடி அருகில் போனார். வலது புருவத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். தூக்கிப் பார்த்தார். பாதியில் நின்றுபோன கேள்விக்குறி மாதிரி இருந்தது.

“எப்போ வளரும்?”

“ஆறு வாரம் மேடம். எட்டுகூட ஆகலாம்.”

“அது வரைக்கும் நான் யாரை மிரட்டுறது?”

சோபாவில் இருந்த இரண்டு பெண்களும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் தோள் குலுங்குவது தெரிந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, “நாளைலேர்ந்து காலைல ஏழே முக்காலுக்கு வரேன். டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி நீயே பென்சில்ல வரைஞ்சு விடணும். வேர்வைல கரையக் கூடாது. இது உனக்குத் தண்டனை” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று முதல் தினமும் காலையில் பார்லரில் ஒரு புருவம் வரையப்பட்டது. ஆனால் செய்தி பரவிவிட்டதே! வாடிக்கையாளர்கள் படிக்கட்டிலிருந்தே குரல் கொடுத்தார்கள்: “அக்கா, இன்னிக்கு மூக்கு எப்படி இருக்கு?” பலர் வெறும் தலைமுடி வெட்டிக்கொண்டு போனார்கள். நூலக்காவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. புருவத்தில் கைவைக்க விடாத ஊரில் நூலக்கா என்ற பெயரோடு எப்படி நடமாடுவது?

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஷாம்பூ, கிரீம் கொண்டுவந்து போடும் ஏஜெண்ட் பெண் வந்தாள். பேச்சில் தேன், கையில் பெட்டி. பெட்டியைத் திறந்தாள். உள்ளே விரல் நீளத்தில் பழுப்பு பாட்டில்கள். புதினா, யூகலிப்டஸ், லாவெண்டர், எலுமிச்சை.

“வாசனை எண்ணெய்க்கா. எல்லாம் செடியிலேர்ந்து எடுக்கிறது. ஒரே ஒரு தடவை மோந்து பாருங்க.”

புதினா பாட்டிலின் மூடியைத் திறந்து நூலக்கா மூக்கருகில் கொண்டுபோனாள். மூக்கின் உச்சியில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழு மூச்சு இழுத்தாள். கண்ணில் நீர் வந்தது. “என்னங்க இது, இத்தனை நாள் எங்க இருந்துச்சு?” என்றாள். கூடவே வாசனையைப் புகை மாதிரிக் காற்றில் பரப்பும் சின்ன மெஷின் ஒன்றையும் வாங்கி வைத்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், முதல் பத்து நாள் நன்றாகவே போயிற்று. ஆவி பிடிக்கும்போது இரண்டு சொட்டு யூகலிப்டஸ், கைக்குட்டையில் ஒரு சொட்டு புதினா, படுக்கும்போது தலையணை ஓரத்தில் லாவெண்டர். தும்மல் நிற்கவில்லை, ஆனால் அடைப்பு விட்டாற்போல ஒரு சுகம் இருந்தது, தூக்கம் வந்தது. வந்தவர்களும், “அக்கா, கடைக்குள்ள வந்தாலே மனசு லேசாகுது” என்றார்கள்.

அவ்வளவுதான், நூலக்கா தலைகால் புரியாமல் ஆகிவிட்டாள். தலைவலி என்றால் ஒரு பாட்டில், கால்வலி என்றால் ஒரு பாட்டில், பக்கத்து வீட்டு மாமியார் மருமகள் சண்டைக்கு ஒரு பாட்டில். கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். வீட்டுத் திரைச்சீலை, கணவரின் சட்டை, குளியலறை மிதியடி வரை மணத்தது. அவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் மேலே இருக்கும் சக தொழிலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு, “பூக்கடை கீழ இறங்குது, கதவைச் சாத்து!” என்று கத்துவார். நூலக்காவின் கணவர் அன்று முதல் சட்டையை மட்டும் தானே துவைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

இரண்டு சொட்டு நான்காகி, நான்கு எட்டாயிற்று. மூக்குக்கு அந்த வாசனை பழகப் பழக, போட்டது போதவில்லை என்று தோன்றியது.

அப்போது ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆசிரியைகள் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், பதினோரு பேருக்குப் புருவம் சரிசெய்ய வேண்டும், காலையிலேயே வந்துவிடுவோம் என்றார்கள். மறுபடி நம்பி வருகிறார்களே என்று நூலக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஒரே ஒரு தும்மல்கூட வரக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

அன்று காலை அவள் மெஷினில் கை கூசாமல் யூகலிப்டஸை ஊற்றினாள். புதினா எண்ணெயில் எதுவும் கலக்காமல், அப்படியே மேலுதட்டிலும் மூக்கின் இரண்டு பக்கமும் தடவிக்கொண்டாள். முதலில் குளிர்ந்தது. பிறகு எரிந்தது. எரிகிறதே என்று கையால் துடைத்தாள். அதே கையால் கண்ணையும் துடைத்தாள்.

ஏழே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் படியேறி வந்தபோது, நூலக்கா தொட்டியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, “ஐயோ என் கண்ணு, ஐயோ என் கண்ணு” என்று அலறிக்கொண்டிருந்தாள். முதலில் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் அவளுக்கு உதவி செய்ய எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரு விசில் சத்தம். அவருக்கு ஆஸ்துமா இருந்தது.

இன்ஸ்பெக்டர் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். டீச்சரை ஒரு கையால் அணைத்தபடி படியிறக்கிக் கீழே செருப்புக் கடை வாசலில் உட்கார வைத்தார். டீச்சர் பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்துக்கொண்டார்.

“யாராவது டாக்டர், நர்ஸ் தெரியுமா பக்கத்துல?” என்று மேலே பார்த்துக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்த நூலக்கா ஒரு கணம் தயங்கினாள். “என் நாத்தனார் இருக்கா மேடம். அடுத்த தெரு ஆஸ்பத்திரிலதான். நெஞ்சு நோய் வார்டுல நர்ஸ்.”

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. பார்லர் தொடங்கிய முதல் வருஷம், கணவரின் தங்கையான அந்த நாத்தனாருக்கு முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வு. அழகாக இருக்கட்டும் என்று நூலக்கா அவள் முன்முடியை வெட்டிவிட்டாள். நெற்றியில் பல்தேய்க்கும் பிரஷை ஒட்டி வைத்த மாதிரி ஆகிவிட்டது. வேலை கிடைத்தது, ஆனால் அடையாள அட்டைக்கு அன்றைக்கே போட்டோ எடுத்துவிட்டார்கள். அந்தப் போட்டோவைப் பல வருஷம் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவள், அதற்குப் பிறகு பார்லர் படி மிதிக்கவில்லை. வீட்டில் பார்த்தால் இருவரும் விண்ணப்பம் எழுதுவது போல மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள்.

நூலக்காவிடம் நம்பர் வாங்கி இன்ஸ்பெக்டர் போன் செய்ய, நாத்தனார் பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டாள். முதலில் டீச்சரின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். “இப்ப பரவாயில்ல, இருந்தாலும் டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும்” என்று இன்ஸ்பெக்டரின் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அதற்குள் வந்து சேர்ந்திருந்த மற்ற டீச்சர்கள் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். பிறகுதான் மாடி ஏறினாள். நூலக்காவின் தலையைத் தொட்டிக் குழாய்க்கடியில் பிடித்து, கால் மணி நேரம் கண்ணில் தண்ணீர் ஓட விட்டாள். மேலுதட்டில் எரிந்த இடத்தை ஒரு பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒற்றி எடுத்து, சோப்பு போட்டுக் கழுவினாள்.

“இப்ப கண்ணைத் திறங்க அண்ணி. என் விரல் தெரியுதா?”

“தெரியுது.” நூலக்கா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அந்த டீச்சருக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?”

“ஆகல. அழாதீங்க, மறுபடி மூக்கு அடைச்சுக்கும்.”

மதியம் டீச்சர் நன்றாக இருக்கிறார், வீட்டுக்குப் போய்விட்டார் என்று இன்ஸ்பெக்டர் போன் செய்து சொன்ன பிறகுதான் நூலக்கா தண்ணீர் குடித்தாள். பாட்டில்களை எல்லாம் வாரி ஒரு பையில் போட்டாள். “குப்பைல கொட்டிடுறேன். எல்லாம் பித்தலாட்டம்.”

நாத்தனார் அந்தப் பையை வாங்கி, ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பார்த்தாள்.

“பித்தலாட்டம் இல்ல அண்ணி. இதை மோந்தா மூச்சு விடுறது லேசான மாதிரி இருக்கும், நிஜம்தான். ஆனா உள்ள வீக்கம் அப்படியேதான் இருக்கும். இதமா இருக்கட்டும்னு வெச்சுக்கலாம், வைத்தியம்னு நம்பக் கூடாது. அப்படியே எடுத்துத் தோல்ல பூசக் கூடாது, ஆஸ்துமாக்காரங்க பக்கத்துல வைக்கவே கூடாது. சின்னக் குழந்தைங்க கைக்கும் எட்டக் கூடாது.”

“பத்து நாள் நல்லாதான் இருந்துச்சே.”

“ரெண்டு சொட்டு விட்ட வரைக்கும் நல்லா இருந்துச்சு. அப்புறம் நீங்கதான் கடை முழுக்கத் தெளிச்சீங்களே!” என்று சொல்லிவிட்டு, நாத்தனார் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலுக்குப் போனாள். விளிம்பில் ஒரு விரலால் கோடு இழுத்தாள். விரல் மஞ்சளாயிற்று. எட்டிப் பார்த்தாள். மரத்தின் பூங்கொத்து ஒன்று கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு முன்னால் ஃபேன், அதன் காற்று நேராக நாற்காலிக்கு.

“அண்ணி, இவ்ளோ நாளா மரத்தைக் கடைக்குள்ளயே கூட்டி வெச்சுக்கிட்டு, மூக்கைத் திட்டிட்டிருக்கீங்களே!”

நூலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாருக்கும் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துப் பதினேழு வருஷமாகிவிட்டது என்பது இரண்டு பேருக்குமே உடனே நினைவுக்கு வந்து, கொஞ்சம் கூச்சமாகவும் போயிற்று.

மறுநாள் நாத்தனாரே டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே ஒன்று எழுதித் தந்தார். “இது ஒரே நாள்ல வேலை செய்யாது. தினமும் விடாம அடிச்சா ஒண்ணு ரெண்டு வாரத்துல தெரியும்” என்றார். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் உப்பைக் கரைத்து மூக்கைக் கழுவச் சொன்னார். ஜன்னலை மூடச் சொன்னார். வெளியே போய் வந்தால் தலைக்குக் குளித்து உடை மாற்றச் சொன்னார். வேலை செய்யும்போது முகக்கவசம் போடச் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நூலக்கா கடைசி வார்த்தையில் நிமிர்ந்தாள். “முகக்கவசம் போட்டா நூலை எதால கடிக்கிறது டாக்டர்?”

டாக்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, “அது என் சப்ஜெக்ட் இல்லம்மா” என்றார்.

விடை வேறு இடத்தில் இருந்தது. நூலைப் பல்லில் கடிக்காமல் கழுத்தில் வளையமாக மாட்டிக்கொண்டு இழுக்கும் முறை ஒன்று உண்டு. போன் வீடியோவில் பார்த்தாள். பதினெட்டு வருஷம் பல்லும் கையும் சேர்ந்து செய்த வேலையைக் கழுத்துக்கு மாற்றுவது லேசில்லை. முன்னுக்கு இழுக்க வேண்டிய தலையைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். பழகுவதற்கு முடி வேண்டுமே! கணவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முன்கையை நீட்டினார்.

“வலிச்சா சொல்லுங்க.”

“பூக்கடைன்னு கூப்பிட்டப்பவே வலி எல்லாம் பழகிடுச்சும்மா.”

நான்கு நாளில் அவருடைய இரண்டு கையும் குழந்தை கை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன. ஐந்தாம் நாள் சக தொழிலாளி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதை அவர் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

கை தேறிவிட்டது. ஆனால் முதலில் யார் புருவத்தைக் கொடுப்பார்கள்? இன்ஸ்பெக்டர் வழக்கம்போலக் காலையில் வந்து, “வரையறது மட்டும்தான். நூலை அந்த மேஜை மேலேயே வை, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்” என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் நாற்காலி காலியாகவே கிடந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாத்தனார் டியூட்டி முடிந்து வந்தாள். கைப்பையைச் சோபாவில் போட்டாள். நேராகப் போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆரம்பிங்க அண்ணி.”

“வேணாம்மா. உனக்குப் போயி…”

“முடியைத்தான் தொடக் கூடாது. புருவம்னா பரவாயில்ல.”

நூலக்கா முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள். நூலைக் கழுத்தில் மாட்டினாள். ஜன்னல் மூடியிருந்தது, ஃபேன் நின்றிருந்தது, முன்பெல்லாம் கொட்டுகிற பவுடருக்குப் பதிலாக ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்திருந்தாள். ‘சர்ர்க்’ என்று முதல் இழுப்பு. மெதுவாகத்தான் போனது. நாலு நிமிஷ வேலை இருபது நிமிஷம் ஆயிற்று. நடுவில் எறும்பு ஒரு முறை எட்டிப் பார்த்தது. நூலை விட்டாள், இரண்டடி தள்ளிப் போய் இரண்டு தும்மல் போட்டாள், கை கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். நாத்தனார் கண்ணைத் திறக்கவே இல்லை.

முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தாள். நாத்தனார் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு போனை எடுத்துத் தன்னைத் தானே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். மறுநாள் வார்டிலிருந்து ஏழு நர்சுகள் வரிசையாகப் படியேறி வந்தார்கள். மூன்று பேர் படிக்கட்டில் உட்கார வேண்டியதாயிற்று.

நூலக்கா மனதில் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கணக்கு டீச்சரின் வீட்டைத் தேடிப் போனாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோய், “டீச்சர், தப்பு என்மேலதான்” என்று மட்டும் சொன்னாள்.

டீச்சர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். “பயந்துதான் போயிட்டேன்மா. பொய் சொல்ல மாட்டேன். இனிமே வாசனை எதுவும் இருக்கற இடத்துக்கு நான் வர மாட்டேன்” என்றார்.

“வர வேணாம் டீச்சர். நானே வீட்டுக்கு வந்து செஞ்சு விடுறேன். வாசனையில்லாத சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வரேன்.”

டீச்சர் உடனே சரி என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரம் யோசித்தார். நான்காவது வாரம் போன் வந்தது.

இப்போது பார்லரில் வருகிற ஒவ்வொருவரிடமும் நூலக்கா முதலில் கேட்பது: “இழுப்பு, அலர்ஜி ஏதாவது இருக்கா? எந்த வாசனையாவது ஒத்துக்காதா?” மெஷினை அவள் திரும்ப வைக்கவில்லை. பாட்டில்களில் யூகலிப்டஸும் லாவெண்டரும் மட்டும் வீட்டு அலமாரியில், உயரத்தில், இறுக்க மூடி இருக்கின்றன. பூக்கும் மாதங்களில், வேலை எல்லாம் முடிந்து தலைக்குக் குளித்த பிறகு, ஒரு காகிதக் கைக்குட்டையில் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். கணவர் தன் தலையணையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

அடுத்த வருஷமும் மரங்கள் பூத்தன. பூப்பதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே டாக்டர் சொன்னபடி ஸ்பிரேயை ஆரம்பித்துவிட்டாள். தும்மல் வரத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டோடு நின்றுவிடுகிறது. அந்தப் பருவத்தில் மட்டும் நூறுக்கு மேல் புருவம் எடுத்தாள், ஒரு முடிகூடக் கூடுதலாகப் போகவில்லை. சாயங்காலங்களில் நாத்தனார் வந்து சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து வார்டுக் கதைகள் சொல்வாள். வாயில் நூல் இல்லாததால் நூலக்காவாலும் இப்போது வாய் நிறையப் பதில் சொல்ல முடிகிறது.